அப்பாவின் கேரவனைக் காணோம்: முதலில் போலீஸுக்கா, பெரியப்பா வீட்டுக்கா?

கோத்தகிரிப் பக்கத்து வாசகர் ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். சுருக்கம் இதுதான்.

2021-ல் அவருடைய அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கைக்கு வந்த பணத்தில், கோயம்புத்தூரில் டிரெய்லர் செய்கிற ஒரு கம்பெனியில் சொல்லி, பொலேரோவுக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற கேரவன் ஒன்றைச் செய்து வாங்கினார். உள்ளே நான்கு பேர் படுக்கலாம். ஒரு ஸ்டவ், ஒரு சின்ன சிங்க், மழை வந்தால் இறக்கிவிட ஒரு தார்பாய். டிஎன் 43 என்று முறையாகப் பதிவும் செய்தார். மைசூர், கொடைக்கானல், ஒரு தடவை ராமேஸ்வரம் வரை குடும்பமே அதில் போய் வந்திருக்கிறது. இந்த ஏப்ரல் 9-ம் தேதி அப்பா இறந்துவிட்டார். அதற்கப்புறம் அதைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை. தேயிலைத் தோட்டத்து இலை ஷெட்டில், சங்கிலி போட்டுப் பூட்டியபடி அப்படியே நின்றது. ஜூன் 12 வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தபோது இருந்தது. 15-ம் தேதி திங்கட்கிழமை காலை இலை பறிக்க வந்தவர்கள் பார்த்தால் ஷெட் காலி, அறுத்த சங்கிலி கிடக்கிறது, சேற்றில் டயர்த் தடம்.

அன்றைக்கே ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு ரசீது கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பெரியப்பா மகன் மேல் இவருக்குச் சந்தேகம். "அந்த வண்டியில் பாதிப் பணம் எங்கப்பா போட்டது" என்று காரியத்துக்கு வந்த இடத்திலேயே அவர் பேசினாராம். ஊர்ப் பெரியவர்கள், கேஸ் எல்லாம் வேண்டாம், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்கிறார்கள். இதற்கு நடுவில், கர்நாடகாவில் குண்டல்பேட்டைப் பக்கம் ஒரு கேரவன் விற்பனைக்கு இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. வேறு பெயிண்ட், ஆனால் ஜன்னல் அதே மாதிரி. அக்கா மகனும் அவன் நண்பர்களும் "வாங்குகிற மாதிரிப் போய் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம் மாமா" என்று கிளம்பி நிற்கிறார்கள். தெரியாத நம்பரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, 40,000 ரூபாய் கொடுத்தால் வண்டி நிற்கும் இடத்தைக் காட்டுகிறேன் என்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பொலேரோவுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, அதில் இதுவும் வந்துவிடும்தானே?" என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "அலமாரிக் கதவின் உட்பக்கம், கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை என்று அப்பா கையால் எழுதி ஒட்டிய ஒரு லிஸ்ட் இருக்கும் சார், வண்டி போனதைவிட அது போனதுதான்."

அந்த லிஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன், அது வெறும் ஞாபகப் பொருளாக மட்டும் இல்லை, உங்கள் கேஸுக்கும் வேண்டியது.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் கடிதத்தில் அதிகம் எழுதியிருப்பது பெரியப்பா மகனைப் பற்றி, குண்டல்பேட்டைப் படத்தைப் பற்றி. என் கண் போய் நின்றது தேதிகளில். அப்பா இறந்தது ஏப்ரல் 9. வண்டி போனது ஜூன் 12-க்கும் 15-க்கும் நடுவில். ஜூலை 9 வர இன்னும் சில நாள்தான் இருக்கிறது. ஜூலை 9-ல் என்ன இருக்கிறது என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குடும்பத்தோடு பேசுவதை ஆடியில் பேசினாலும் பேசலாம். காகித வேலை அதற்குக் காத்திருக்காது. அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் எஃப்ஐஆர், அடுத்து இன்சூரன்ஸ், அதற்குப் பிறகு பெரியப்பா வீட்டுத் திண்ணை.

ரசீது வேறு, எஃப்ஐஆர் வேறு

உங்கள் கையில் இருப்பது சி.எஸ்.ஆர். ரசீது. உங்கள் மனு வந்தது, பதிவேட்டில் ஏற்றினோம் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். நிறையப் பேர் இதை எஃப்ஐஆர் என்று நினைத்து மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள், ஆறு மாதம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. எஃப்ஐஆரில் குற்ற எண், வருஷம், எந்தச் சட்டப் பிரிவு என்பதெல்லாம் இருக்கும். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் இருப்பது இதுதான். வக்கீல்கள் நாங்களே இன்னும் பழைய நம்பர்களைச் சொல்லி நாக்கைக் கடித்துக்கொள்கிறோம், நீங்கள் குழம்பினால் தப்பில்லை.

என்ன பிரிவு போடுவார்கள்? சாதாரணத் திருட்டு என்றால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2), மூன்று வருஷம் வரை சிறை. உங்கள் வண்டி நின்றது வெட்டவெளியில் இல்லை, பொருள் வைத்துப் பாதுகாக்கிற ஒரு ஷெட்டுக்குள். அப்படிப்பட்ட கட்டடத்திலிருந்து திருடினால் 305-ம் பிரிவு வரும், ஏழு வருஷம் வரை. புகாரில் "தோட்டத்தில் நின்ற வண்டி" என்று எழுதியிருந்தால் அதைத் திருத்தி, கூரை, சுவர், கதவு, பூட்டு எல்லாவற்றையும் சொல்லி எழுதுங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் ஒரு முதற்கட்ட விசாரணை செய்துவிட்டு எஃப்ஐஆர் போடலாம் என்று புதுச் சட்டம் இடம் கொடுக்கிறது. 305 என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

போட மறுத்தால்? கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் போய்ச் சட்டம் பேசிச் சண்டை போட வேண்டாம், அது எங்கேயும் கொண்டு போய் விடாது. அமைதியாகக் கேளுங்கள், முடியாது என்றால் ஊட்டியில் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதுவும் நகரவில்லை என்றால் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போடலாம். அந்த சி.எஸ்.ஆர். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எஃப்ஐஆர் தேதி தள்ளிப் போயிருந்தாலும், வண்டி காணோம் என்று தெரிந்த அன்றைக்கே நீங்கள் ஸ்டேஷன் படி ஏறியதற்கு அதுதான் சாட்சி.

இப்போது அந்த லிஸ்ட். பெயிண்ட் மாற்றலாம், நம்பர் பிளேட் மாற்றலாம், சேஸிஸ் நம்பரை ராவிவிடலாம். அலமாரிக் கதவின் உட்பக்கத்தைத் திருடன் பெரும்பாலும் திறந்தே பார்க்க மாட்டான். கிழித்திருந்தாலும் பசை ஒட்டிய தடம் இருக்கும். ராமேஸ்வரம் போனபோது எடுத்த படங்களைத் தேடுங்கள், எதிலாவது பின்னால் அந்த லிஸ்ட் தெரிகிறதா பாருங்கள். அதோடு, முதலில் பதிவு செய்தபோது கொடுத்த விண்ணப்பத்தில் சேஸிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்ட் ஒன்று இருக்கும், ஆர்டிஓ ஆபீஸ் ஃபைலில் கேளுங்கள். செய்து கொடுத்த கம்பெனியின் பில், எந்த வெல்டிங் எங்கே, எந்த ஸ்க்ரூ மாற்றியது, எந்தப் பலகை நனைந்து உப்பியது, எல்லாம் புகாரோடு ஒரு தனித் தாளில் போகட்டும்.

எந்த வழியாகப் போயிருக்கும்?

இது போலீஸ் வேலைதான், ஆனால் நம் மலையைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் யோசித்துக் கொடுத்தால் அவர்களுக்கும் உதவி. ஒரு கேரவனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. கோத்தகிரியிலிருந்து நேரே கீழே இறங்கினால் குஞ்சப்பனை செக்போஸ்ட். குன்னூர் வழி என்றால் பர்லியார், கல்லாறு. மேற்கே என்றால் ஊட்டியைத் தாண்டி கூடலூர் போய் நாடுகாணி, இல்லை முதுமலை வழியாகக் கக்கநல்லா. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவில் பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவன் திருடனாக இருக்க மாட்டான், பைத்தியமாகத்தான் இருப்பான்.

அந்தப் படம் நிஜமாகவே குண்டல்பேட்டைதான் என்றால் ஒன்று கவனியுங்கள். பந்திப்பூர் சாலை இரவு 9-லிருந்து காலை 6 வரை மூடியிருக்கும். சத்தியமங்கலம் பக்கம் சுற்றித் திம்பம் ஏறினாலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே ராத்திரி ஷெட்டிலிருந்து இழுத்திருந்தாலும், காட்டைக் கடந்தது பகலில்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் வழியில் எங்கோ விடியும் வரை நிறுத்திவைத்திருக்க வேண்டும். பகலில் ஒரு கேரவன் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேமராவில் இருக்கும், அங்கே நிற்கிற ஆளுக்கும் ஞாபகம் இருக்கும். நம்மூர் ரோட்டில் தினமுமா போகிறது? இழுத்துப் போன வண்டி வெளி மாவட்ட வண்டி என்றால் இன்னொரு தடயமும் உண்டு. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளி வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டும், அதில் வண்டி எண்ணும் மொபைல் எண்ணும் இருக்கும். உள்ளூர் டிஎன் 43 வண்டி இழுத்திருந்தால் இது உதவாது, உங்கள் சந்தேகமும் அந்தப் பக்கம்தான் என்பது தெரிகிறது. இருந்தாலும் கேட்டு வைக்கலாம்.

இந்தக் கேமராப் பதிவுகள் நாள் கணக்கில் மேலே மேலே அழிந்துகொண்டே வரும். 12 முதல் 15 வரையான பதிவை எடுத்து வைக்கும்படி இன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். சாலையோரக் கடைகள், பங்க், தோட்டத்து கேட் கேமரா எல்லாவற்றின் பட்டியலையும் நீங்களே நடந்து பார்த்துக் கொடுத்துவிடுங்கள். பதிவை நீங்கள் காப்பி எடுத்து பென்டிரைவில் வைப்பது மட்டும் போதாது. கோர்ட்டில் அது சாட்சியமாக வேண்டுமென்றால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுச் சான்று வேண்டும், அதனால் போலீஸே எடுப்பது நல்லது.

பெரியப்பா மகன் பெயரை எழுதலாமா?

எழுதலாம், ஆனால் எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இன்னார்தான் திருடினார்" என்று எழுதாதீர்கள், நீங்கள் பார்க்கவில்லை. காரியத்தன்று அவர் என்ன சொன்னார், யார் யார் கேட்டார்கள், ஷெட் எங்கே என்று யாருக்கெல்லாம் தெரியும், இதை எழுதுங்கள். திருடியவர் அடையாளம் தெரியாதவர் என்று இருக்கட்டும். சந்தேகத்தைச் சொல்வது தப்பில்லை, சந்தேகத்தை உண்மையாக எழுதுவதுதான் தப்பு.

காரணம் இருக்கிறது. திருட்டு என்று சட்டம் சொல்வதற்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். "எங்கப்பா பாதிப் பணம் போட்டார், எனக்குப் பங்கு இருக்கிறது" என்று ஒருவர் மனதார நம்பி எடுத்திருந்தால், அந்த நம்பிக்கை தவறாகவே இருந்தாலும், கிரிமினல் கேஸ் நிற்பது கஷ்டம். போலீஸும் "இது சிவில் தகராறு" என்று கையைக் கழுவிவிடலாம். ஆனால் பங்கு இருக்கிறது என்று நம்புகிறவன் ஏன் சங்கிலியை அறுத்து ராத்திரியில் எடுக்கிறான், ஏன் பெயிண்ட் அடிக்கிறான்? அந்தக் கேள்வி உங்கள் பக்கம் பலம். எடுத்தது அவர்தான் என்றால்.

நீங்கள் ஒன்றைத் தப்பாக நினைத்திருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். "அப்பாவுக்கு அப்புறம் ஒரே மகனான எனக்குத்தானே வண்டி" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. உயில் இல்லையென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அம்மா, நீங்கள், உங்கள் அக்கா, அப்புறம் உங்கள் பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, நான்கு பேருக்கும் சமமான பங்கு. பாட்டி இப்போது பெரியப்பா வீட்டில் இருக்கிறார் என்று வேறு ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். புரிகிறதா? பெரியப்பா மகனுக்கு நேரடியாக ஒரு பங்கும் கிடையாது, ஆனால் பாட்டி பெயரைச் சொல்லி அவர் பேச முடியும். ஆகவே பாட்டியைப் போய்ப் பாருங்கள், இதற்காக என்று இல்லாமலும் பாருங்கள்.

பெரியவர்கள் பயப்படுவது, கேஸ் போட்டால் திரும்ப எடுக்க முடியாது என்று. முழுக்க அப்படியும் இல்லை. 303(2) மட்டும் என்றால் வண்டியின் சொந்தக்காரர் கோர்ட் அனுமதி கேட்காமலேயே சமரசம் செய்துகொள்ளலாம். 305 அப்படிச் சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை, அங்கே உயர் நீதிமன்றத்தில் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ன் கீழ் வழக்கை ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும், அது செலவு. இதை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் 305-ஐக் கேளுங்கள் என்று மேலே சொன்னதும் நான்தான். ஷெட்டை ஷெட் என்றுதான் எழுத முடியும், பின்னால் சமரசத்துக்கு வசதி என்று நடந்ததை மாற்றி எழுதக் கூடாது. எஃப்ஐஆர் போட்ட பிறகும் பேச்சுவார்த்தை நடத்தலாம், யாரும் தடுக்கவில்லை. அப்போது பெரியப்பா பணம் போட்டதற்குப் பேங்க் சீட்டோ எதுவோ இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஜூலை 9

இன்சூரன்ஸ். பொலேரோவுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் பின்னால் மாட்டியதும் அதில் வந்துவிடும் என்பது தவறு. டிரெய்லர் என்பது மோட்டார் வாகனச் சட்டப்படி தனி வாகனம். அதனால்தான் அதற்குத் தனிப் பதிவு எண். பொலேரோ பாலிசியின் முதல் பக்கத்தில் மதிப்பு போட்டிருக்கும் கட்டத்தைப் பாருங்கள்: வண்டி, டிரெய்லர், எலக்ட்ரிக்கல் சாமான் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். டிரெய்லர் கட்டத்தில் ஒரு தொகை இருந்தால், அல்லது டிரெய்லருக்கே தனிப் பாலிசி இருந்தால், பேசலாம். பூஜ்யம் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள், ஏஜென்ட் வாயால் சொன்னது பணமாகாது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றாலும் திருட்டுக்கு ஒன்றும் கிடைக்காது.

தொகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாலிசி அப்பா பெயரில். அவர் இறந்த அன்றே பாலிசி செத்துவிடாது. இறந்த தேதியிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை அது உயிரோடு இருக்கும், அதற்குள் வாரிசுகள் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம் என்பது வழக்கமான மோட்டார் பாலிசி நிபந்தனை. ஏப்ரல் 9-லிருந்து மூன்று மாதம் என்றால் ஜூலை 9. திருட்டு அதற்குள் நடந்துவிட்டதால், பாலிசி வேறு விதத்தில் முடிந்திருக்கவில்லை என்றால், அன்றைக்குப் பாதுகாப்பு இருந்தது என்று தெளிவாகச் சொல்லலாம். ஆனால் ஜூலை 9 தாண்டிப் போய் நின்றால் அவர்களுக்கு ஒரு சாக்கு கையில் கொடுத்த மாதிரி. இறப்புச் சான்று, வண்டி உங்களுக்குச் சேர்ந்தது என்பதற்கு ஆவணம், அசல் பாலிசி மூன்றையும் வைத்து விண்ணப்பம் போடுங்கள். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்றால், விண்ணப்பித்த ரசீதை இணைத்து, வந்ததும் தருகிறேன் என்று எழுதுங்கள்.

இதைப் படிக்கும்போது பொலேரோ சாவி எங்கே என்று பாருங்கள். அதுவும் அப்பா பெயரில்தானே? அதே மூன்று மாதம் அதற்கும். 10-ம் தேதி அக்கா மகன் அதை எடுத்துக்கொண்டு குண்டல்பேட்டை கிளம்பி வழியில் யாரையாவது இடித்தால், கேரவன் போனது சின்ன விஷயமாகிவிடும். ஆர்.சி. புத்தகத்தையும் மாற்ற வேண்டும். இறந்த 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அது தவறிவிட்டது, போகட்டும். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவும் மூன்று மாதம்தான் கணக்கு.

தாமதமாகச் சொன்னால் கம்பெனி தள்ளிவிடுமே என்று பயப்படுகிறீர்கள். போலீஸுக்கு உடனே சொல்லிவிட்டு இன்சூரன்ஸுக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காகத் திருட்டு க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று 2020-ல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் மூன்று நீதிபதி அமர்வு சொல்லியிருக்கிறது. உங்கள் சி.எஸ்.ஆர். இங்கேயும் பேசும். அதற்காக இன்னும் தாமதம் செய்யலாம் என்று அர்த்தமில்லை, இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், நாளைக்குத் தபால். நல்லவேளை, அப்பா வண்டியைப் பதிவு செய்திருந்தார். தற்காலிகப் பதிவு முடிந்த நிலையில் திருடு போன ஒரு காருக்கு ஒரு பைசா கிடையாது என்று 2021-ல் சுஷில் குமார் கோதாரா வழக்கில் தீர்ப்பு. பட்டறையில் செய்து பதிவே இல்லாமல் ஓட்டுகிறவர்கள் நம் மலையிலும் இருக்கிறார்கள், அவர்கள் இதைப் படித்தால் சரி.

பூட்டை ஒழுங்காகப் போட்டீர்களா என்றும் கேட்பார்கள், வண்டியைப் பாதுகாக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. அந்த அறுத்த சங்கிலியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! போலீஸ் கைப்பற்றி எழுதிக்கொள்ளட்டும். கவனக்குறைவு கொஞ்சம் இருந்தாலும் முழுசாக மறுக்காமல் 75 சதவீதம் வரை கொடுக்கச் சொன்ன தீர்ப்புகள் உண்டு. எவ்வளவு வரும் என்று பெரிதாகக் கணக்குப் போடாதீர்கள். வண்டிக்கு வயது நான்கிலிருந்து ஐந்து என்றால் தேய்மானமே 50 சதவீதம், ஐந்தைத் தாண்டினால் இரு தரப்பும் பேசி வைத்த மதிப்பு. உள்ளே இருந்த ஸ்டவ், பாத்திரம், கம்பளி, இதெல்லாம் மோட்டார் பாலிசியில் வராது, ஆனாலும் புகாரில் எழுத வேண்டும்.

கம்பெனி மறுத்தால், அல்லது புகார் செய்து ஒரு மாதம் பதிலே இல்லை என்றால், சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், அதாவது குறைதீர்ப்பாளர், இருக்கிறார். 50 லட்சம் வரை, கட்டணம் இல்லை, வக்கீலே வேண்டாம் (வக்கீல் நானே சொல்கிறேன்). மறுப்பு வந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். இல்லையென்றால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். போலீஸிடம் ஒரு கதை, இன்சூரன்ஸ் விசாரணைக்காரரிடம் ஒரு கதை, பெரியவர்களிடம் ஒரு கதை என்று சொல்லாதீர்கள். பெரியப்பா மகன் எடுத்தார் என்று நாளைக்குத் தெரிந்து நீங்கள் வீட்டுக்குள் பேசி முடித்துக்கொண்டால், க்ளெய்மை வாபஸ் வாங்கிவிடுங்கள். வண்டியையும் வாங்கிக்கொண்டு பணத்தையும் வாங்கினால் அப்புறம் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்கள்.

நாற்பதாயிரம் ரூபாய் போன்

கொடுக்காதீர்கள். திருட்டுப் பொருளை மீட்டுத் தருகிறேன் என்று பணம் வாங்கிக்கொண்டு, திருடனைப் பிடித்துக் கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்யாமல் இருப்பதே நியாய சன்ஹிதாவின் 252-ம் பிரிவுப்படி குற்றம். கூப்பிட்டவர் ஒன்று திருடனுக்கு வேண்டியவர், இல்லை, உங்கள் கதையை எங்கோ கேட்டுவிட்டு ஏமாற்றப் பார்க்கிறவர். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது, முன்பணம் பத்தாயிரம் கூகுள் பேயில் போட்டதும் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகிவிடும். நம்பர், தேதி, நேரம், என்ன சொன்னார், எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடுங்கள். மறுபடி கூப்பிட்டால் சண்டை போடாமல் பேச விடுங்கள்.

அக்கா மகனையும் உட்கார வையுங்கள். பையனுக்கு நல்ல மனசுதான். ஆனால் அங்கே போய் அது வேறு யாருடைய வண்டியோ என்று தெரிந்தால்? உங்களுடையதாகவே இருந்து, அடிதடி ஆகி, கர்நாடகா போலீஸ் இவர்கள் மேல் கேஸ் போட்டால்? திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியவர் மேல் 317-ம் பிரிவு இருக்கிறது, அவரை அங்கேயே பிடித்து, அவர் யாரிடம் வாங்கினார் என்று கேட்டால்தான் நூல் கண்டு பிரியும். நீங்கள் இழுத்து வந்துவிட்டால் அந்த நூல் அங்கேயே அறுந்தது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், போட்டவர் நம்பர், எந்த குரூப், எத்தனை மணிக்கு வந்தது, எடுத்து வையுங்கள். "ப்ரோ, விலை என்ன?" என்று மெசேஜ் கூடப் போட வேண்டாம். சந்தேகம் வந்தால் அடுத்த நாள் அது ஹுன்சூரிலோ எங்கேயோ இருக்கும்.

வண்டி கிடைத்துவிட்டால்

உடனே வீட்டுக்கு வந்துவிடாது. போலீஸ் கைப்பற்றி கோர்ட்டுக்குச் சொல்லும், வண்டி ஸ்டேஷன் பின்னால் நிற்கும். நம்மூர் மழையில் பிளைவுட் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் முடியும் வரை விட்டுவைத்த ஒரு ஜீப்பின் சீட்டில் பெரணிச் செடி முளைத்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் கிடைத்த வாரமே மாஜிஸ்திரேட்டிடம் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகளில் இடைக்காலமாகத் திரும்பக் கேட்டு மனுப் போட வேண்டும். வண்டிகளை ஸ்டேஷனில் மக்க விடாதீர்கள், படம் எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள் என்று 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதுச் சட்டத்தில் 14 நாளில் விவரப் பட்டியல், படம், வீடியோ, அதற்கடுத்த 30 நாளில் உத்தரவு என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். மனுவோடு அம்மா, அக்கா, பாட்டி மூன்று பேரின் சம்மதக் கடிதமும் போனால் வேலை சுலபம். பாட்டியின் கையெழுத்து வாங்கப் போகும்போது பெரியப்பா வீட்டுக்குப் போய்த்தானே ஆக வேண்டும், பேச்சை அங்கே தொடங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியைக் கையில் கொடுக்கும்போது படம் எடுப்பார்கள். அந்த அலமாரிக் கதவைத் திறந்து உட்பக்கத்தையும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கிழிக்காமல், கதவோடு. கேஸ் முடியும் வரை வண்டியை விற்கவோ மாற்றவோ மாட்டேன் என்றுதான் எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள், ஆகவே அதுவரை லிஸ்ட் ஒட்டிய இடத்திலேயே இருக்கட்டும்.